டைட்டானியம் மலைமிதிவண்டி: மணவாளக்குறிச்சி மணல் முதல் மகாராஜபுரம் மண்பாதை வரை

டைட்டானியம் ஹார்டுடெயில் என்பது டைட்டானியக் கலப்பு உலோகக் குழாய்களால் செய்யப்பட்ட மலைமிதிவண்டி பிரேம். முன் சக்கரத்தின் போர்க்கில் மட்டும் அதிர்வுதாங்கி இருக்கும். பின்பக்கம் நம் ஊர்ச் சைக்கிளைப் போலவே அசையாத கட்டுமானம். வால்பகுதி கெட்டியாக இருப்பதால் ஹார்டுடெயில் என்ற பெயர் வந்தது. இந்தியச் சந்தையில் இது அரிதான பொருள். பிரேமின் விலை மட்டுமே லட்சங்களைத் தொடும். ஆனால் அந்த உலோகத்தின் மூலத்தாது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. அந்த மணலுக்கும் இந்த பிரேமுக்கும் இடையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உள்ளது. அதை அறிந்தவர்கள் பிரேம் வாங்கும்போது ஏமாறுவது குறைவு.

கயிற்றில் ஒட்டிய மணல்

டைட்டானியத்தை 1791-இல் கண்டவர் வில்லியம் கிரகர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஓர் ஓடையோரம் கிடந்த கறுப்பு மணலைச் சோதித்து, அதில் அதுவரை அறியப்படாத உலோகம் ஒன்று இருப்பதாக எழுதினார். 1795-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ராத் அதே உலோகத்தை ரூட்டைல் கனிமத்தில் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். தனிமங்களில் பூமியின் மேலோட்டில் அதிகம் உள்ளவற்றின் வரிசையில் இதற்கு ஒன்பதாம் இடம். கிடைப்பது அரிதல்ல, பிரித்தெடுப்பதுதான் கடினம்.

தென்திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சி இந்தக் கதைக்குள் வந்தது ஒரு தற்செயலால். இங்கிருந்து ஜெர்மனிக்கு ஏற்றுமதியான தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமம் இருப்பது தெரியவந்தது. அதன் மூலத்தைத் தேடி வந்த ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் மணவாளக்குறிச்சிக் கடற்கரையைக் கண்டறிந்தார். அன்று உலகம் தேடியது டைட்டானியத்தை அல்ல. மோனசைட்டில் உள்ள தோரியம் எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. ஐரோப்பிய நகரத் தெருக்கள் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. முதல் உலகப்போர் வந்ததும் இந்தத் தொழில் ஜெர்மானியர் கையிலிருந்து பிரிட்டிஷ் நிறுவனங்களின் கைக்குப் போனது.

மோனசைட்டைப் பிரித்த பின் மிஞ்சிய கறுப்பு மணல்தான் இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாது. முதலில் கழிவாக ஒதுக்கப்பட்ட இந்தக் குவியல்களுக்கு 1920களில் விலை வந்தது. காரணம் வெள்ளைச் சாயம். ஈயம் கலந்த வெள்ளைப் பெயின்டுக்கு மாற்றாக டைட்டானியம் டைஆக்சைடு தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் உலக இல்மனைட் தேவையின் பெரும்பகுதியைத் திருவிதாங்கூர்க் கரையே கொடுத்தது. 1946-இல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவும் சாயம் செய்யவே. இன்றும் உலகில் எடுக்கப்படும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் உலோகமாக மாறுவதில்லை. பெயின்ட், காகிதம், பிளாஸ்டிக், பற்பசை ஆகியவற்றின் வெண்மையாகவே முடிகிறது.

1946-47-இல் திருவிதாங்கூர் தனி நாடாக நிற்க முயன்றபோது இந்த மணல் அரசியல் பேரத்திலும் இடம்பெற்றது. அணுசக்திக்குத் தோரியம் உதவும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. 1950-இல் இந்திய அரும்மணல் நிறுவனம் உருவானது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 1960களில் மணவாளக்குறிச்சி ஆலை அந்த அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையிலான கரையில் தனியார் தாதுமணல் அள்ளியதில் எழுந்த புகார்களையடுத்து 2013-இல் தமிழக அரசு தடை விதித்தது. கடற்கரை ஊர்களின் கதிரியக்க அச்சமும் கடலரிப்பு அச்சமும் இன்றும் பேசப்படுகின்றன. டைட்டானியம் துருப்பிடிக்காத, மாசற்ற உலோகம் என்று விளம்பரங்கள் சொல்லும்போது இந்தக் கரையையும் நினைத்துக்கொள்வது நல்லது.

மணல் உலோகமாவது

தாது கொட்டிக் கிடந்தும் உலோகம் ஏன் விலை ஏறியது? இரும்புத் தாதுவைக் கரியோடு உலையில் இட்டால் இரும்பு வரும். டைட்டானியம் அப்படி வராது. சூட்டில் அது ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கரியையும் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் நொறுங்கும். 1910-இல் அமெரிக்காவில் மாத்யூ ஹண்டர் சோடியத்தைப் பயன்படுத்தித் தூய டைட்டானியத்தைச் சிறிதளவு எடுத்தார். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1930களில் வேறு வழி கண்டார். தாதுவைக் குளோரின் சேர்மமாக மாற்றி, ஆர்கான் வாயு நிரம்பிய மூடிய கலத்தில் உருகிய மக்னீசியத்தோடு வினைபுரியச் செய்வது அவரது முறை. கிடைப்பது நுரைக்கல் போன்ற துளைகள் நிறைந்த உலோகம். அதற்கு டைட்டானியம் ஸ்பாஞ்சு என்றே பெயர். அதை வெற்றிடத்தில் மீண்டும் உருக்கித்தான் பாளமாக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மின்சாரமும் நேரமும் கரைகின்றன. 1948-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் வணிக அளவில் உற்பத்தியைத் தொடங்கியது. வாங்கியவர்கள் விமானம் கட்டுவோர்.

இந்தியாவில் 1973-இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மிதானி ஆலை பாதுகாப்புத் துறைக்கான உயர்வகை உலோகங்களைச் செய்கிறது. டைட்டானியமும் அவற்றில் ஒன்று. கேரளத்தின் சவறாவில் விண்வெளித் துறையின் உதவியோடு ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள ஸ்பாஞ்சு ஆலை 2011-இல் திறக்கப்பட்டது. அதுவரை நம் கரை மணல் வெளியே போய், உலோகம் இறக்குமதியாக வந்தது. சவறா ஆலையின் உலோகமும் ராக்கெட்டுக்கும் பாதுகாப்புத் தளவாடத்துக்கும் உரியது, சைக்கிளுக்கு அல்ல.

பர்மிங்காமும் அம்பத்தூரும்

சைக்கிள் பிரேமின் வரலாறு தமிழகத்தில் அம்பத்தூரில் தொடங்குகிறது. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டின் வீடுகளுக்குள் அந்த வழியாகவே வந்தன. 1955-இல் ஆவடியில் குழாய் ஆலையும் எழுந்தது. அம்பத்தூரில் உள்ள சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனையின் பெயர் அந்த ஆங்கில நிறுவனத்தின் தலைவருடையது. அதன் வழியே போகிற பலருக்கு இது தெரியாது.

அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பத்தில்தான் ரெனால்ட்ஸ் குழாய் நிறுவனமும் இருந்தது. குழாயின் இரு முனைகளிலும் சுவரைத் தடிப்பாகவும் நடுவில் மெல்லியதாகவும் இழுக்கும் முறைக்கு ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897-இல் காப்புரிமை பெற்றார். 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய் பல பத்தாண்டுகள் பந்தய சைக்கிள்களின் உடலாக இருந்தது. இன்றைய நல்ல டைட்டானிய பிரேமிலும் குழாய்ச் சுவரை இப்படி இடத்துக்கு இடம் மாற்றுவார்கள். நாம் ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸுக்கு அந்த மெல்லிய குழாய் கிடைக்கவில்லை. மூட்டை ஏற்றுவதற்கும் இருவர் உட்கார்வதற்கும் பள்ளம் மேட்டில் பத்தாண்டு உழைப்பதற்கும் அது கனமாகவே செய்யப்பட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றது இத்தகைய வண்டிகளில்தான்.

டைட்டானிய சைக்கிளின் தொடக்கமும் பர்மிங்காமைத் தொட்டே நிற்கிறது. அந்நகரின் ஸ்பீட்வெல் நிறுவனம் 1970களில் டைட்டாலைட் என்ற பெயரில் டைட்டானிய பிரேம் செய்தது. 1973-இல் பிரெஞ்சு சுற்றுப்போட்டியை வென்ற ஸ்பெயின் வீரர் லூயி ஒகான்யா மலைக் கட்டங்களில் அதை ஓட்டினார். அதே பத்தாண்டின் நடுவில் அமெரிக்காவின் டெலிடைன் நிறுவனம் டைட்டன் என்ற பிரேமைக் கொண்டுவந்தது. அது கலப்பில்லாத டைட்டானியம், குழாயும் மெலிந்தது. ஓட்டும்போது நெளிந்தது, பல உடைந்தன. டைட்டானியம் சைக்கிளுக்கு ஒத்துவராது என்ற பேச்சு அப்போது பரவியது. பிழை உலோகத்தில் இல்லை, எஃகு பிரேமின் அளவுகளை அப்படியே எடுத்ததில் இருந்தது.

மலையில் இறங்கியவர்கள்

இடையில் மலைமிதிவண்டி பிறந்தது. கலிபோர்னியாவின் மேரின் பகுதியில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, மண்பாதையில் பாய்ந்து இறங்கும் இளைஞர் கூட்டம் ஒன்று இருந்தது. 1976 அக்டோபரில் அவர்கள் ரீபேக் என்ற சரிவில் போட்டி நடத்தினர். ஒவ்வொரு இறக்கத்திலும் பின்சக்கரத்தின் கோஸ்டர் பிரேக்கில் கிரீஸ் கொதித்து ஆவியாகிவிடும். மறுபடியும் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தச் சரிவுக்கு அப்பெயர். 1977-இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே பிரேம் கட்டினார். 1979-இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சி கட்டிய பிரேம்களை விற்கத் தொடங்கினர். 1981-இல் ஜப்பானில் செய்யப்பட்ட ஸ்டம்ப்ஜம்பர் சந்தைக்கு வந்து, மலைமிதிவண்டி கடைப்பொருளானது.

1986-இல் மசாசூசெட்சில் மெர்லின் மெட்டல்வொர்க்ஸ் தொடங்கியது. அதன் நிறுவனர்கள் முன்பு எஃகு மலைமிதிவண்டி செய்த பட்டறையில் வேலை பார்த்தவர்கள். விமானங்களின் ஹைட்ராலிக் எண்ணெய்க் குழாய்க்குப் பயன்பட்ட கலப்பு உலோகத்தை எடுத்தார்கள். 3 விழுக்காடு அலுமினியம், 2.5 விழுக்காடு வனேடியம், மீதி டைட்டானியம். குழாயின் விட்டத்தைப் பெருக்கினார்கள். டெலிடைனில் நெளிந்த பிரேம் இங்கே நிமிர்ந்து நின்றது. 1989-இல் ராக்‌ஷாக்ஸ் போர்க் வந்தது. பின்பு பின்சக்கரத்துக்கும் அதிர்வுதாங்கி வந்தபோதுதான் அது இல்லாத வண்டிகளைத் தனியாகச் சொல்ல ஹார்டுடெயில் என்ற சொல் தேவைப்பட்டது.

சோவியத் ஒன்றியம் சிதறிய பின் ராணுவ ஆர்டர் இழந்த ரஷ்ய ஆலைகளின் டைட்டானியம் சைக்கிள் சந்தைக்கும் வந்தது. அடுத்த அலை சீனாவிலிருந்து. அங்கே பாவோஜி நகரம் டைட்டானியத் தொழிலுக்குப் பேர்போனது. இன்று சீனப் பட்டறைகளுக்கு நம் உடலளவைக் கொடுத்தால் பிரேம் செய்து அனுப்புகிறார்கள். அமெரிக்கப் பட்டறைகளின் விலையில் பாதிக்கும் குறைவாகவும் கிடைக்கலாம். சுங்கவரியும் அனுப்புக் கட்டணமும் தனி.

எண்கள் சொல்வது

உலோகங்களை ஒப்பிடும்போது விளம்பரத்தை விட்டு எண்களைப் பார்க்க வேண்டும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. வளையாமல் எதிர்க்கும் தன்மையில் எஃகு சுமார் 200 கிகாபாஸ்கல், டைட்டானியம் சுமார் 110, அலுமினியம் சுமார் 70. அதாவது டைட்டானியம் எஃகின் எடையில் பாதிக்குச் சற்று மேல், விறைப்பிலும் பாதிக்குச் சற்று மேல். எடைக்கு எடை பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. இங்கே மாயம் எதுவும் இல்லை. டைட்டானியத்தின் உண்மையான சிறப்பு வேறு இடத்தில் உள்ளது. மீண்டும் மீண்டும் வளைந்தாலும் எளிதில் சோர்ந்து விரிசல் விடாது, துருவும் பிடிக்காது. எனவே பெயின்ட் வேண்டாம். ஒழுங்காகக் கட்டிய பிரேம் வாங்கியவரின் ஓட்டும் காலம் முழுவதும் இருக்கும்.

ஹார்டுடெயில் பிரேமின் எடையில் டைட்டானியம் பொதுவாக ஒன்றரை கிலோ முதல் இரண்டு கிலோவுக்குள் நிற்கும். நல்ல எஃகு பிரேம் அதைவிட அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கூடுதல். காலையில் குடித்த தண்ணீரின் எடை அது. டைட்டானியம் மெத்தென்று ஓடும் என்ற பேச்சையும் அளந்து ஏற்க வேண்டும். குழாயின் விட்டம் சிறிது கூடினாலும் விறைப்பு கணிசமாக ஏறும். தடித்த குழாயில் கட்டிய டைட்டானியம் மெல்லிய எஃகைவிட முரடாக ஓடும். டயரின் அகலமும் காற்றின் அளவும் தரும் சுகத்துக்கு முன் பிரேம் உலோகத்தின் பங்கு சிறியது.

மகாராஜபுரத்தில் ஒரு தேர்வு

விருதுநகர் மாவட்டத்தில், திருவில்லிபுத்தூருக்கும் வத்திராயிருப்புக்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் மகாராஜபுரம் உள்ளது. சதுரகிரிக்குப் போகிறவர்கள் தாணிப்பாறை அடிவாரத்துக்கு இவ்வழியே செல்கிறார்கள். பிளவக்கல் அணைப் பாசனத்தில் வயலும் தென்னந்தோப்பும் உள்ள பகுதி. மலையேறிச் சைக்கிள் ஓட்டலாம் என்று நினைத்து வருபவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, அந்த மலை புலிகள் காப்பகம். 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே சாம்பல்நிற அணில் சரணாலயம். அனுமதியின்றி வனத்துக்குள் சைக்கிளோடு நுழைவது சட்ட மீறல். ஓட்டக் கிடைப்பது கண்மாய்க்கரை, வாய்க்கால் வரப்பு, தோப்புகளுக்கு இடையிலான வண்டிப்பாதை, ராஜபாளையம் வரை நீளும் அடிவாரச் செம்மண் தடங்கள். பாறைச் சரிவும் பெரிய குதிப்பும் இல்லை.

இந்த நிலத்துக்குப் பின் அதிர்வுதாங்கி தேவையில்லை. ஹார்டுடெயில் போதும். முன் போர்க் 100 முதல் 120 மில்லிமீட்டர் இயக்கம் உள்ளதாக இருந்தால் நிறைவு. தலைக்குழாயின் சாய்வு 66 முதல் 68 பாகை. 64, 65 பாகைக்குச் சாய்ந்த பிரேம்கள் செங்குத்தான இறக்கத்துக்கு உரியவை, கண்மாய்க்கரையில் அவை சோம்பலாகத் திரும்பும். டயர் இடைவெளி 2.4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இவற்றையெல்லாம்விட முதல் செலவு டியூப் இல்லாத டயருக்கும் அடைப்புப் பாலுக்கும் போக வேண்டும். சீமைக்கருவேல முள் டைட்டானியம் என்று பார்க்காது. லட்ச ரூபாய் பிரேமைத் தோளில் சுமந்து நடப்பவரைப் பார்த்து ஆடு மேய்ப்பவர் சிரிப்பதில் நியாயம் உண்டு.

பெடல் அச்சு அமரும் குழாய் இன்னொரு முக்கியமான இடம். பிரஸ் முறையில் அழுத்திச் செருகும் வகைகள் சந்தையில் பல உண்டு, சத்தம் எழுப்பும் பழக்கமும் அவற்றுக்கு உண்டு. மரையுள்ள குழாயைக் கேட்டு வாங்குவது நல்லது. அந்த மரை அளவின் பெயர் பி.எஸ்.ஏ. ஆம், பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயர்தான். நம் வீட்டுச் சைக்கிளில் ஒட்டியிருந்த அதே மூன்றெழுத்து. அங்குலத்துக்கு 24 மரை, செயின் பக்கக் கப் இடப்பக்க மரையில் கழலும். திருவில்லிபுத்தூரில் நாற்பது ஆண்டாக ரிப்பேர் பார்க்கும் ஒருவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிய அச்சுக்கான ஸ்பேனர் ஒன்றை மட்டும் நாம் வாங்கி வைத்தால் போதும்.

பின்சக்கர அச்சு 148 மில்லிமீட்டர் அகலமும் தலைக்குழாய் 44 மில்லிமீட்டர் உள்விட்டமும் இன்று பரவலான அளவுகள். மாற்றுப்பாகம் கிடைக்கும். சீட் போஸ்டுக்கு 31.6 மில்லிமீட்டர் இருந்தால், ஓடும்போதே இறக்கி ஏற்றும் வகையைப் பின்னால் பொருத்தலாம். டைட்டானியக் குழாய்க்குள் அலுமினியப் பாகத்தை வெறுமனே செருகக் கூடாது. வியர்வையும் ஈரமும் பட்டால் அவை இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிடிப்புத்தடுப்புப் பசை தடவியே பொருத்த வேண்டும்.

பற்றவைப்பைக் கண்ணால் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். சூடான டைட்டானியத்தைக் காற்று தொடக் கூடாது. குழாயின் வெளிப்புறம் மட்டுமன்றி உட்புறமும் ஆர்கான் நிரப்பித்தான் பற்றவைப்பார்கள். வாயு சரியாக மூடியிருந்தால் பற்றின் நிறம் வெள்ளிபோல் இருக்கும். இளம் வைக்கோல் நிறமும் பரவாயில்லை. நீலம் சந்தேகத்துக்கு உரியது, சாம்பலும் வெண்தூளும் கண்டால் விலக வேண்டும். ஆனால் சில பட்டறைகள் பற்றின் மேல் மணல் பீய்ச்சி நிறத்தை மறைத்துவிடும். ஆகவே பாலிஷ் போடும் முன் எடுத்த படத்தைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. அனோடைசிங் முறையில் வேண்டுமென்றே ஏற்றிய நீல, ஊதா நிற எழுத்துகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது உடைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி. எஃகு பிரேம் விரிசல் விட்டால் ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு பட்டறையில் பித்தளை வைத்து ஒட்டி ஓட்டிவிடலாம். நேர்த்தி குறையும், வண்டி ஓடும். டைட்டானியத்தை அப்படித் தொட்டால் ஒட்டிய இடமே முதலில் நொறுங்கும். வானூர்தி, வேதியியல் ஆலைப் பணிகளில் டைட்டானியம் பற்றவைத்துப் பழகியவர்களிடமே கொண்டுபோக வேண்டும். உத்தரவாத அட்டையில் வாழ்நாள் என்று அச்சிட்டிருந்தாலும், பிரேமைக் கடல்கடந்து திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

துரு பற்றிய வாதமும் இடத்துக்கு இடம் மாறும். மணவாளக்குறிச்சியில், உப்புக்காற்றில் எஃகு பிரேம் சீக்கிரம் துருவேறும். அங்கே டைட்டானியத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் உண்டு. மகாராஜபுரம் மலையின் மழைமறைவுப் பக்கம். ஆண்டில் பெரும்பகுதி உலர்ந்த காற்று. பெயின்ட் உள்ள நல்ல குரோமோலி எஃகு, குழாய்க்குள் எண்ணெய் தெளித்துப் பாதுகாத்தால், இங்கே பல ஆண்டுகள் நிற்கும். முதல் முறை மலைமிதிவண்டி வாங்கும் மாணவருக்கு எஃகையோ அலுமினியத்தையோதான் இக்கட்டுரையாளர் பரிந்துரைப்பார். இரண்டு, மூன்று ஆண்டு ஓட்டி, தன் உடலுக்கு ஏற்ற நீளமும் சாய்வும் எது என்று தெரிந்தபின் டைட்டானியத்துக்குப் போகலாம். அளவு தவறிய பிரேம் துருப்பிடிக்காமல் இருந்து பயனில்லை, அந்தத் தவற்றையும் அது வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றி வைத்திருக்கும்.

தமிழகத்தில் டைட்டானியம் செய்வதற்கான அறிவு இல்லாமல் இல்லை. ஆவடியில் குழாய் இழுக்கிறார்கள், அம்பத்தூரில் பிரேம் கட்டுகிறார்கள், தாது நம் கரையில் இருக்கிறது, ஸ்பாஞ்சு ஆலை கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த நான்கையும் இணைக்கும் அளவுக்கு சைக்கிள் சந்தை இதுவரை பெருகவில்லை. விமானக் குழாயின் தேவை பெருகியபோது அதன் ஓரத்தில் அமெரிக்காவில் மெர்லின் பிறந்தது. இங்கே அந்தக் குழாய் இன்னும் ராக்கெட்டுக்கே போதவில்லை. அதனால் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல் வெள்ளைச் சாயமாகிச் சுவரில் பூசப்படுகிறது. மகாராஜபுரத்து மண்பாதையில் ஓடும் டைட்டானிய பிரேம் கடல்கடந்து பெட்டியில் வருகிறது.